புள்ளிக்கு எடுத்த அறையும் மிஸிஸ் ஜாபிரும்

ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நான் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை. ஆனால் துபாயில் எந்த ஹோட்டலின் லிஃப்ட் வாசலுக்கு நேரே இருக்கிறது, சிங்கப்பூரில் எந்த அறையின் கழிப்பறையில் கழுவத் தண்ணீர்க் குழாய் உண்டு, கோலாலம்பூரில் எந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் முகத்தில் முட்டும் என்பதையெல்லாம் புத்தளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். முப்பத்தொரு வருடம் ஒரே பயண முகவர் அலுவலகம், ஒரே மேசை, மூன்று கதிரை. முதல் இரண்டும் என்னைத் தாங்க மாட்டாமல் உடைந்தன. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது.

போன மாதம், இப்போது அந்த மேசையில் இருக்கிற பிள்ளை போன் எடுத்தாள். "மிஸ், பொயின்ட்ஸுக்கு ரூம் எடுக்க இப்ப ஒரு நிலையான கணக்கே இல்ல மிஸ். காலையில ஒண்டு காட்டுது, பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு ஒண்டு காட்டுது. நீங்க எப்புடித்தான் எடுத்தீங்க?"

எங்கள் காலத்தில் ஒரு தாள் இருந்தது. இந்த ஹோட்டலுக்கு ஓர் இரவு இத்தனை புள்ளி என்று அடித்து வைத்திருப்பார்கள். ஊரில் கண்காட்சி நடந்தாலும், காசு கொடுப்பவர்களுக்கு வாடகை மூன்று மடங்கானாலும், புள்ளிக் கணக்கு அசையாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் செய்த வேலையைப் போனில் சொல்லி முடிக்க ஏலாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதத் தொடங்கியபிறகுதான் தெரிகிறது, கெட்டித்தனத்தை மட்டும் எழுதிவிட்டுத் தப்ப முடியாது என்று.

தட்டச்சு தெரியும் என்பதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். விசாப் படிவம் அடித்தேன், டிக்கெட் எழுதப் பழகினேன், ஃபெக்ஸ் மெஷினோடு சண்டை பிடித்தேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம். புள்ளி விஷயம் எனக்குள் வந்தது ஓர் உப்பு வியாபாரியால். அவர் மாதம் ஒரு தடவை வெளிநாடு போகிற ஆள். ஒரு நாள் பாஸ்போர்ட்டைத் தேடி என் மேசையில் பையைக் கவிழ்த்தார். ஒரே ஹோட்டல் கம்பனியின் உறுப்பினர் அட்டை பன்னிரண்டு விழுந்தது.

"என்ன நானா, கடை போடப் போறீங்களா?" அண்ணனை நானா என்பதுதான் எங்கள் வழக்கம்.

"ஒவ்வொருக்காப் போகக்குள்ளயும் சிரிச்சிச் சிரிச்சித் தாறானுகள் தங்கச்சி. வேணாம் எண்டா மரியாத இல்லயே."

மனிதர் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். தங்குகிற ஒவ்வொரு இரவுக்கும் புள்ளி விழுகிறது, அது சேர்ந்தால் சும்மா தங்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டு கணக்கையும் ஒன்றாக்கக் கடிதம் எழுதி, பதில் வந்து, மறுபடி எழுதி, நான்கு மாதம் போனது. கடைசியில் அவருக்குச் சிங்கப்பூரில் ஆறு இரவு இலவசமாகக் கிடைத்தது. அவர் ஊர் முழுக்கப் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு நான் 'பொயின்ட்ஸ் டீச்சர்'.

கற்பிட்டிப் பக்கம் ஒரு தென்னங்காணிக்காரர் இருந்தார். ஒன்றரை வருடமாக எங்கும் போகாததால் அவருடைய புள்ளியெல்லாம் மாத முடிவோடு காலாவதியாக இருந்தது. கம்பனியின் ஏதாவது ஒரு ஹோட்டலில் அட்டையைக் காட்டி எதையாவது வாங்கினால் போதும், புள்ளி உயிரோடு இருக்கும். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினேன். மனிதர் இதற்காகவே சிலாபம் வரை பஸ்ஸில் போய், அங்கே ரயிலேறி, கொழும்பில் குடித்துவிட்டு வந்தார். வந்தவர் என் முன்னால் நின்று கத்திய கத்து!

"தண்ணி வேற, பாலு வேற, சீனி வேற கொண்டு வந்து வெக்கிறான் புள்ள! நான்தான் கலக்கிக் குடிக்கணுமாம். அதுக்கு நான் ஏன் கொழும்புக்குப் போகணும்?"

எங்கள் முதலாளியை ஹாஜியார் என்றுதான் எல்லாரும் சொல்வோம். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், மூக்கு நுனியில் கண்ணாடி. சத்தம் போட்டு நான் கண்டதேயில்லை. நாங்கள் பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தபடி, "தேத்தண்ணி குடிச்சீங்களா மகள்?" என்று கேட்பார். அதைக் கேட்டால் எங்களுக்கு ஈரக்குலை நடுங்கும். அவர் ஏசியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் மறந்திருப்போம்.

பெயர் எழுதுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து, பெயருக்குக் கீழே கோடு போடுகிற பித்தளை அடிமட்டத்தை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டு வாசிப்பார். நான் படிவத்தில் அந்த எழுத்தின் மேல் ஒரு புள்ளி குத்த வேண்டும். முடிந்ததும் இடம் மாறுவோம். நான் வாசிக்க அவர் குத்துவார். விமான டிக்கெட், விசா, ஹோட்டல், எதற்கும் இதேதான். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் பெயர் எழுதக்கூடாது.

ஹோட்டல் தெரிவு செய்வதிலும் அவர் ஆள் வேறு. நான் நட்சத்திரம் எண்ணி, படம் பார்த்து, பட்டியல் போட்டுக்கொண்டு போனால் அதைப் பார்க்கவே மாட்டார். "நட்சத்திரம் வானத்தில இரிக்கட்டும் மகள். கக்கூசில தண்ணி இரிக்கா? படுக்கப் போறது ஆரு? அவங்கட முழங்கால் எப்புடி? காலையில என்ன தின்னுவாங்க?" இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் அவர் முன்னால் போய் நிற்க முடியாது. அதிலும், படுக்கப் போகிறவரிடமே நேரில் கேட்டாயா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

முந்தலில் இறால் பண்ணை வைத்திருந்த ஜாபிர் நானா எங்கள் பழைய வாடிக்கையாளர். இறால் விற்க ஊர் ஊராகப் போய், பதினெட்டு வருடமாகப் புள்ளி சேர்த்தார். ஒன்றையும் செலவழிக்கவில்லை. "எல்லாம் வீட்டு ஆளுக்குத்தான்" என்பார். வீட்டு ஆள் என்றால் மனைவி. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் மனைவியின் பெயரை வெளியில் சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டு ஆள், இல்லாவிட்டால் புள்ளைகளுட உம்மா. அந்த வயது ஆட்கள் எங்கள் பக்கத்தில் பலர் அப்படித்தான். அது மரியாதை, அந்நிய ஆண்கள் நிற்கிற இடத்தில் மனைவியின் பெயர் உலாவக்கூடாது. மனைவிமாரும் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாள் ஜாபிர் நானா வந்து உட்கார்ந்தார். முகத்தில் வழக்கமான பகிடி இல்லை. வீட்டு ஆளின் ராத்தா, கூடப் பிறந்த அக்கா, லண்டனில் இருக்கிறாவாம். தொண்ணூறில் எல்லாரையும் வெளியேற்றியபோது மன்னாரை விட்டு அக்கா தங்கை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் புத்தளத்துக்கு வந்தார்கள். ராத்தா கலியாணம் முடித்து லண்டன் போனது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ஒரு தடவை வந்து போனதோடு சரி. இப்போது நோய் முற்றி, இரண்டு சத்திர சிகிச்சையும் முடிந்துவிட்டது. ஏழு மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் இருக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இலங்கைக்கு வர ஏலாது. துபாய் வரைக்கும் வரலாம்.

"நாங்க ரெண்டு பேரும் அங்க போறம் தங்கச்சி. பொயின்ட்ஸ் எல்லாத்தையும் அடிச்சி நொறுக்குங்க. அந்த ஒசந்த கட்டடத்துக்குப் பக்கத்தில ஒரு ஹோட்டல் இரிக்கே, அதுதான் வேணும்."

தாளைப் பார்த்தேன். அவருடைய புள்ளிக்கு அந்த உயர்ந்த ஹோட்டலில் இரண்டு இரவுதான் வரும். அதே கம்பனிக்குப் பழைய நகரத்தில், கடலேரிப் பக்கம், வீடு மாதிரி அறைகள் உள்ள ஒரு ஹோட்டல் இருந்தது. அங்கே ஐந்து இரவு. அந்தக் கிழமை முழுக்கத் துபாயில் பெரிய கண்காட்சி. காசுக்குப் போனால் எங்குமே அறை இல்லை.

"ரெண்டு ராவு போதும்" என்றார். "மனுசி ஒரு நாளும் ஹோட்டல்ல தங்கினதில்ல. தங்கினா தங்கின மாதிரி இரிக்கணும்."

ஹாஜியார் உள்ளிருந்தே கேட்டார்: "படுக்கப் போறவங்ககிட்டக் கேட்டீங்களா மகள்?"

மறுநாள் முந்தலுக்கு பஸ் ஏறினேன். ஜாபிர் நானாவின் மனைவிக்குச் சித்தி ரஹுமா என்று பெயர். ஒல்லியான, சுறுசுறுப்பான மனுஷி. நான் இரண்டு ஹோட்டலின் படங்களையும் மேசையில் விரித்தேன். உயர்ந்த ஹோட்டலின் நீச்சல் குளத்தையும் தங்கக் குழாயையும் அவ திரும்பியும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டா:

"சல்மா, அடுப்பு இரிக்குமா?"

"எதுக்கு?"

"ராத்தாக்கு வெளிச் சாப்பாடு ஒண்டும் ஒத்துக்கொள்ளுதில்ல. வாயில வெச்சா ஓங்காளிச்சுச் சத்தி எடுக்குறா. போன் எடுத்தா அழுறா, சிவத்தப் பச்சைஅரிசில தேங்காப்பால் கஞ்சி குடிக்கணும் போல இரிக்கி எண்டு. அத நான் காய்ச்சிக் குடுக்கணும். அவ்வளவுதான்."

பழைய நகரத்து ஹோட்டலில் அடுப்பு இருந்தது. சட்டி இருந்தது. லிஃப்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு படிகூட இல்லை. ராத்தாவை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி நேரே போகும். கீழே மலையாளத்துக்காரர் கடை. ஐந்து இரவு. ஜாபிர் நானாவுக்குச் சொன்னபோது, "பதினெட்டு வருசம் சேத்துப்போட்டு, துபாயில போய்க் கஞ்சி காய்ச்சவா!" என்று தலையில் கை வைத்தார். ஆனால் மறுக்கவில்லை.

அறையை உடனே பிடிக்க வேண்டும், விட்டால் போய்விடும். பாஸ்போர்ட்டுகள் கையில் இல்லை. இரண்டாவது ஆளின் பெயர் என்ன என்று கணினி கேட்டது. எனக்குத் தெரியும்தான், ஆனாலும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதென்று ஜாபிர் நானாவிடம் கேட்டேன். எங்கள் கடையில் நான்கு ஆண்கள் நின்றார்கள். அவர் கழுத்தைச் சொறிந்தார்.

"மிஸிஸ் ஜாபிர் எண்டு போடுங்களேன் தங்கச்சி."

போட்டேன். பாஸ்போர்ட் வந்ததும் திருத்தலாம் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் வந்தது; அடிமட்டம் வைத்து டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் எழுத்தெழுத்தாகச் சரி பார்த்தோம். ஹோட்டலை மறந்துபோனேன். எங்கள் பெண்களின் பாஸ்போர்ட்டில் வாப்பாவின் பெயர்தான் இருக்கும், புருஷன் பெயர் இருக்காது என்பது எனக்குத் தெரியாததா? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னே பண்ணையில் இறாலுக்கு நோய் வந்தது. உடனே அள்ளாவிட்டால் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். ஜாபிர் நானா போக முடியாது. ராத்தாவின் டிக்கெட்டை மாற்ற முடியாது. சித்தி ரஹுமா தனியாகப் போவது என்று முடிவானது. ஜாபிர் நானாவின் விமானச் சீட்டை ரத்துச் செய்தேன். ஹோட்டலை அப்போதும் தொடவில்லை. இரண்டாவது ஆளாகத்தான் அவ இருக்கிறாவே என்ற நினைப்பு.

அவ துபாய் போன அன்றைக்குப் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன், போன் அடித்தது. துபாயிலிருந்து சித்தி ரஹுமா.

"சல்மா, எனக்கு அறை இல்லையாம். ராத்தாட ப்ளேன் இறங்கப் போகுது. நான் என்ன செய்ய?"

வரவேற்பு மேசையில் நின்றவள் ஓர் இந்தியத் தமிழ்ப் பிள்ளை. போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மேடம், இது பாயின்ட்ஸ் புக்கிங். மெம்பர் வரல. கூட வர்றவங்க மிசஸ் ஜாபிர்னு இருக்கு. இவங்க பாஸ்போர்ட்ல ஜாபிர்னே இல்ல. மெம்பர் பேர் என்னன்னு கேட்டா இவங்க சொல்லவும் மாட்டேங்கிறாங்க. 'புள்ளைங்களோட வாப்பா'ன்னு மட்டும் சொல்றாங்க. அப்புறம் பேனா வாங்கி எழுதிக் காட்டினாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவளுடைய மேலாளர் அந்த அறையைக் கேட்டு இன்னொருவர் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாராம். உறுப்பினரே தன் பதிவு செய்த போனிலிருந்து கம்பனியின் சேவை இலக்கத்துக்கு அழைத்து, தனக்குப் பதிலாக இன்னார் தங்குகிறார் என்று வாயால் சொல்ல வேண்டும். வேறு வழியில்லை. நகரத்தில் வேறு அறையும் இல்லை.

நான் திரும்பினேன். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

"தேத்தண்ணி குடிச்சீங்களா மகள்?"

அழுதுவிட்டேன். சொல்ல என்ன வெட்கம்.

உறுப்பினர் இலக்கம் என்னிடம்தான் இருக்கிறது, உடனே வாங்க என்று போனில் சொன்னேன். ஜாபிர் நானா முந்தலிலிருந்து மோட்டார் சைக்கிளில் எப்படி வந்தாரென்று தெரியாது. முழங்கால் வரை குளத்துச் சேறு. கடையில் மக்காவுக்கு உம்றா போகப் பாஸ்போர்ட் கொடுக்க வந்த மூன்று பேர் சுவரோர நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய போனிலிருந்தே சேவை இலக்கத்தை அழைத்து, மேசையில் வைத்து, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி போட்டேன். அழைப்பை எடுத்தவர் எந்த நாட்டிலிருந்தோ இங்கிலீஷில் பேசினார். இலக்கத்தைக் கேட்டார், பிறந்த திகதியைக் கேட்டார், துபாய் மேசையையும் இணைப்பில் எடுத்தார். பிறகு கேட்டார்:

"தங்கப் போகிறவரின் பெயர்?"

"மை வைஃப்" என்றார் ஜாபிர் நானா.

"பெயர் சார்?"

"மிஸிஸ் ஜாபிர்."

"பாஸ்போர்ட்டில் உள்ளபடி சார்."

ஜாபிர் நானா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "உறுப்பினர்தான் சொல்ல வேண்டும், அழைப்புப் பதிவாகிறது" என்றது போன். அவர் போனைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனார்; அங்கே சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. திரும்பவும் நடுக்கடைக்கு வர வேண்டியதாயிற்று. வாங்கிலிருந்த மூன்று பேரையும் பார்த்தார். ஹாஜியார் மெதுவாக எழும்பி, "வாங்க, நாம வெளியில போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று அவர்களைக் கூப்பிட்டார்.

"இரிங்க ஹாஜியார், பரவால்ல" என்றார் ஜாபிர் நானா. போனை வாய்க்கு நேரே பிடித்தார். "சித்தி ரஹுமா. அப்துல் காதர் சித்தி ரஹுமா!" இறால் ஏலத்தில் விலை கூப்பிடுகிற குரலில் சொன்னார். கேட்டவர் எழுத்துக்கூட்டச் சொன்னார். எழுத்தெழுத்தாகவும் சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நன்றி சார். இனி மேடம் உங்கள் பெயரைச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். மேடம், உறுப்பினரின் பெயர்?"

போனுக்குள் தள்ளுவண்டிச் சில்லு உருளுகிற மாதிரி ஏதோ கேட்டது. ராத்தா வந்துவிட்டா என்று பிறகுதான் தெரிந்தது.

"மேடம்?"

"முஹம்மது..." என்றது சின்னக் குரல். நின்றது. "முஹம்மது ஜாபிர்."

ஜாபிர் நானா, வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி, கதிரையிலிருந்து விறுக்கென்று எழும்பி, "ஓம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். இருமலும் சிரிப்புமாக ஒரு பெண் குரல்: "அடியே ரஹுமா! முப்பது வருசமாப் பேர் தெரியாமயாடி குடும்பம் நடத்தினீங்க?" அதைக் கேட்டு அந்தத் தமிழ்ப் பிள்ளை சிரிக்க, வாங்கிலிருந்த மூன்று பேரும் சிரிக்க, சேற்றுக் காலோடு நின்ற ஜாபிர் நானாவும் சிரித்துவிட்டார். அறைத் திறப்பைக் கொடுக்கச் சொல்லிவிட்டோம் என்று இங்கிலீஷ்க்காரர் சொன்னது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

ஐந்து இரவும் தங்கினார்கள். ராத்தா லண்டனுக்குத் திரும்பிப் போய், அடுத்த நோன்புக்கு முதல் நோய் முற்றி மௌத்தானா.

நாற்பது நாள் கழித்து முந்தலுக்குப் போனேன். செய்த பிழைக்கு ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்காமல் எனக்குத் தூக்கமில்லை. கேட்டேன். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒழுங்காக எழுதியிருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் நீங்கள் அந்தரப்பட்டிருக்க மாட்டீங்க என்றேன்.

சித்தி ரஹுமா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"கஞ்சி மூணு கரண்டிக்கு மேல இறங்கல்ல சல்மா. ஆசப்பட்டுக் கேட்டவ, குடிக்க ஏலாமப் போச்சி. ஆனா அஞ்சு நாளும் ராத்தா சிரிச்சா. எழும்பினாச் சிரிப்பு, படுத்தாச் சிரிப்பு. 'ஓம் எண்டு சொன்னாரே மாப்புள' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பு. நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா அவ எதச் சொல்லிச் சிரிச்சிருப்பா?"